இனிஷியலோடு ஒரு பெயர்

மாவட்டத் தடகளப் போட்டி நடக்கிற நாளில் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஒரு பந்தல் போட்டிருப்பார்கள். பந்தலுக்குள் ஒரு மேஜை. மேஜை மேல், காற்றில் பறக்காமல் இருக்கக் கல் வைத்த தாள்கள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் பி.இ.டி. சார் (உடற்கல்வி ஆசிரியர்) ஒருவர் வியர்வை சொட்டச் சொட்ட வந்து செஸ்ட் நம்பரையும் பெயரையும் நேரத்தையும் எழுதிவிட்டு, அடுத்த ஓட்டத்துக்கு விசிலை ஊதிக்கொண்டே போவார். விளையாட்டு நிருபர் என்றால் பொழுதெல்லாம் ஆட்டம் பார்க்கிறவன் என்று நினைக்கிறார்கள். நான் ஆட்டம் பார்த்ததைவிட அந்த மேஜையில் குனிந்து நின்று எழுதியதுதான் அதிகம்.

1990ல் கோவில்பட்டியில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகச் சேர்ந்தேன். பிறகு நெல்லைப் பதிப்பில் வேலை நிரந்தரமானது. நடுவில் ஐந்து வருஷம் திருச்சிப் பதிப்பு. மறுபடி நெல்லை. 2022ல் ஓய்வு. இந்த முப்பத்திரண்டு வருஷத்தில் என் பெயர் போட்டு வந்த கட்டுரைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி எல்லாம் மாவட்டப் பக்கத்தின் கீழ் மூலையில் வரும் ஐந்து வரி, எட்டு வரிச் செய்திகள்தான்.

மாவட்டத்தில் விளையாட்டுக்கென்று தனி நிருபர் கிடையாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம், அது முடிந்தால் கோர்ட்டு, சாயங்காலம் நாற்கரச் சாலையில் லாரி மோதல். இதற்கு நடுவே கிடைக்கிற நேரத்தில்தான் மைதானம். விளையாட்டுப் பக்கம் என்று பேப்பரில் இருப்பது சென்னையில் உருவாவது. பி.டி.ஐ. ஏஜென்சிச் செய்தியும் கிரிக்கெட் ஸ்கோரும் அதை நிரப்பிவிடும். பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் குறுவட்டப் போட்டியில் ஜெயித்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. அவளுக்கு உள்ள இடம் எங்கள் பக்கத்தின் கீழ் மூலைதான். பெரிய விளம்பரம் வந்தால் அதுவும் போய்விடும்.

அந்த ஐந்து வரி ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைச் சேர்ந்த புதிதில் நான் அறியவில்லை. ஒரு முறை வேறொரு செய்திக்காக ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, நான் எழுதிய நான்கு வரி தொங்கிக்கொண்டிருந்தது. ஈட்டி எறிதலில் அந்த வீட்டுப் பையன் இரண்டாமிடம். அதற்கப்புறம் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருக்கிறவர்கள் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டுக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அரசு கேட்பது உரிய படிவத்தில் உரிய அதிகாரி கையெழுத்திட்ட சான்றிதழைத்தான். பேப்பர் கட்டிங் அங்கே செல்லாது. செல்லாது என்று தெரிந்தும் கோப்பின் கடைசித் தாளாக அதையும் வைத்துத்தான் கொண்டு போகிறார்கள்.

அதனால் பெயரில் தப்பு வரக்கூடாது. சொல்வது எளிது. ரிசல்ட் தாளில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் வள்ளிக்கும் வல்லிக்கும் வித்தியாசம் கிடையாது, கனிக்கும் கணிக்கும் கிடையாது. எங்கள் ஊர்ப் பெயர்கள் இன்னும் சிக்கல். இசக்கி, பேச்சி, சுடலை, முப்பிடாதி, உச்சிமாகாளி எல்லாம் தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்குப் பழகிய பெயர்கள். வேறு ஊரில் உட்கார்ந்து பக்கம் போடுகிறவருக்கு முப்பிடாதி என்பது அச்சுப்பிழை மாதிரித் தெரியும். திருத்திவிடுவார். எத்தனை முப்பிடாதிகள் என் கண் முன்னாலேயே முபிதாவாக மாறிப் போனார்கள்! நானே டெஸ்க்குக்குப் போன் போட்டு, "அது அம்மன் பேரு சார், மாத்தாதீங்க" என்று கெஞ்சியிருக்கிறேன்.

இனிஷியல் விஷயத்தில் தப்பு என்னுடையது. வருஷம் 1996 அல்லது 97. பள்ளி மாணவியர் 1500 மீட்டர். முதலிடம் வந்த பிள்ளையும் நாலாவதாக வந்த பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெயர். இனிஷியல்தான் வேறு. நான் அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எழுதிவிட்டேன். செய்தி வந்த மறுநாள், மதிய நேரம், ஒருவர் அலுவலக வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். கோபம் இல்லை.

"கோவிச்சுக்கிடாதிய சார். பிள்ள பேரு பேப்பர்ல வந்திருக்கு, சந்தோசந்தான். ஆனா இனிசல் நம்மது இல்ல சார். எங்கப்பா பேரையாவது போட்டிருந்தாக்கூடத் தேவல, இது வேற ஆளுது."

மறுநாள் பிழை திருத்தம் போட்டோம். "நேற்று முன்தினம் வெளியான செய்தியில்" என்று தொடங்கும் இரண்டு வரி. அதில் ஓட்டமும் இல்லை, முதலிடமும் இல்லை, ஊரும் இல்லை. எழுத்து மாறியது மட்டும்தான் இருந்தது. அவர் மறுபடி வந்தார். "சரியாப் போட்ட பேப்பரு ஒண்ணு கிடைக்குமா சார்?" என்றார். திருத்தத்தைக் காட்டினேன். வாசித்துப் பார்த்தார். "இத வச்சு என்ன சார் செய்ய" என்றார். திரும்பவும் அந்தச் செய்தியைப் போடச் சொல்லி டெஸ்க்கில் கேட்டேன். பழைய செய்தி, முடியாது என்றார்கள். அடுத்த போட்டியில் அவள் ஜெயித்தால் படத்தோடு போட்டுவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அடுத்த வருஷம் போட்டிக்கு அவள் வரவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள் என்று பி.இ.டி. சார் சொன்னார்.

அந்தப் பிள்ளை ஓடி ஜெயித்ததற்கு அச்சில் சாட்சி கிடையாது. ஒரு எழுத்து.

அதற்கப்புறம் நான் ரிசல்ட் தாளை மட்டும் நம்புவதில்லை. ஓடி முடித்து இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் போய், தமிழில் எழுதிய பெயரைக் காட்டி, "இதானா, சரியா பாரு" என்று கேட்பேன். அப்பா பேரைக் கேட்டு இனிஷியலை ஒத்துப் பார்ப்பேன். "அண்ணாச்சி, அடுத்த ஈவென்ட் தொடங்கப் போவுது, தள்ளி நில்லுங்க" என்று சத்தம் போடுவார்கள். தள்ளி நிற்க மாட்டேன்.

பெயரில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை, விளையாட்டின் பெயரிலேயே இருக்கிறது. கல்வித்துறைச் சுற்றறிக்கையில் கையுந்துபந்து என்றால் வாலிபால், கைப்பந்து என்றால் ஹேண்ட்பால். பேப்பரில் காலம்காலமாகக் கைப்பந்து என்றாலே வாலிபால்தான். ஹேண்ட்பாலில் மாநிலப் போட்டிக்குத் தேர்வான பிள்ளைகளை வாலிபால் அணி ஆக்கிய பாவம் தமிழ் நிருபர்களில் பாதிப் பேருக்கு உண்டு. பூப்பந்து, இறகுப்பந்து, எறிபந்து என்று இன்னும் இருக்கிறது. கம்பளி நூல் பந்தில் ஆடுவது பூப்பந்து, அதாவது பால் பேட்மிண்டன். ஆனால் ஷட்டிலையும் பூப்பந்து என்று எழுதுகிற பேப்பர் உண்டு. ஹாக்கிக்கு வளைகோல் பந்து என்று சுற்றறிக்கையில் இருக்கும். கோவில்பட்டியில் போய் வளைகோல் பந்து என்று சொன்னால் சின்னப் பையன்கூட நம்மை வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவான். நான் கடைசிவரை வாலிபால், ஹேண்ட்பால், ஹாக்கி என்றே எழுதினேன். தமிழ்ச் சொல் வேண்டாம் என்பதற்காக அல்ல. ஆடுகிற பிள்ளைக்குத் தான் ஆடியது இதுதான் என்று புரிய வேண்டும்.

தொடக்க காலத்தில் செய்தியை எழுதுவதைவிட அனுப்புவது பெரிய வேலை. கோவில்பட்டியிலிருந்து நெல்லைக்குப் பஸ்ஸில் கவர் கொடுத்து அனுப்ப வேண்டும். பழுப்புக் கவரில் சிவப்பு மையால் 'செய்தி – அவசரம்' என்று எழுதி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் செருகிவிட்டு, நடத்துநரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வர வேண்டும். நெல்லையில் அலுவலகப் பையன் பஸ் ஸ்டாண்டில் காத்து நிற்பான். ஒரு முறை கவர் இறங்காமல் நாகர்கோவில் போய்விட்டது. உள்ளே ஒரு ஹாக்கி இறுதிப் போட்டியின் செய்தியும், கழுவாத பிலிம் ரோலும். அந்தக் கோப்பையை வென்றவர்கள் படம் இல்லாமல், ஒரு நாள் கழித்து, மூன்று வரியில் வந்தார்கள். பிலிம் காலத்தில் ஒரு போட்டிக்கு நாலு படம்தான் எடுக்கலாம். ரோலில் மீதி இருப்பதை மந்திரி வருகைக்கும் விபத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஓடும்போது எடுக்கவே மாட்டோம். பரிசு வாங்கும்போது ஒன்று, குழுவாக ஒன்று. அந்தக் காலத்து வீரர்கள் எல்லாரும் பழைய பேப்பரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

பேப்பருக்குக் கொஞ்சமும் ஒத்துவராதது கபடி. எங்கள் பக்கம் மின்னொளிக் கபடிப் போட்டி ராத்திரி பத்து மணிக்குத்தான் சூடு பிடிக்கும். கோவில் கொடையோ பொங்கலோ, ஊருக்கு வெளியே மண்ணை வெட்டிச் சலித்துத் தண்ணீர் தெளித்துக் களம் போட்டு, நாலு கம்பத்தில் விளக்குக் கட்டி, விடிய விடிய நடக்கும். இறுதிப் போட்டி முடியும்போது கோழி கூவும். மாவட்டப் பக்கமோ முந்தின ராத்திரியே முடிந்து, அச்சாகி, வேனில் ஏறியிருக்கும். மறுநாள் அனுப்பினால், "நேத்து நடந்ததுதானே" என்று டெஸ்க்கில் தள்ளி வைப்பார்கள். நான் அரையிறுதி வரைக்கும் பார்த்து ஒரு செய்தி எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்து இறுதிப் போட்டியையும் பார்ப்பேன். அது செய்திக்காக இல்லை. ஒரு பையன் 'கபடி, கபடி' என்று மூச்சை அடக்கிப் பாடி எதிரணிக் களத்துக்குள் போகும்போது, ஏழு பேர் கை கோத்து அரை வட்டமாகப் பின்வாங்கும்போது, சுற்றி இருக்கிற ஆயிரம் பேரும் தானாக மூச்சை அடக்குவார்கள். ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்கும். அதை எழுத எனக்கு ஐந்து வரி போதவே போதாது.

ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி பதக்கப் போட்டியானது 1990ல், பெய்ஜிங்கில். 1994ல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் எங்கள் மணத்தி கணேசன் இருந்தார். பிறகு அர்ஜுனா விருதும் வாங்கினார். அதற்கப்புறம் நான் போன மின்னொளிப் போட்டிகளில் மைக் பிடிக்கிறவர் அவர் பெயரைச் சொல்லாமல் ஓய்ந்ததில்லை. இவ்வளவு பெரிய பெயர் இருந்தும், 'பாடிப் போய் மூன்று பேரைத் தொட்டு வந்தார்' என்று நான் எழுதினால் டெஸ்க்கில் கூப்பிட்டு, "பாடிப் போவதுன்னா என்ன, பாட்டா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 2014ல் புரோ கபடி டிவியில் வந்தபின் ரெய்டு, டேக்கிள், போனஸ் எல்லாம் கேள்வி இல்லாமல் அச்சேறின. மகிழ்ச்சிதான். ஆனால் பாடிப் போவது என்ற சொல் எங்கள் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடைசிச் செய்தி வரைக்கும் அதையே எழுதினேன்.

திருச்சிக் காலத்தைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. 2006 டிசம்பர். தோஹா ஆசிய விளையாட்டில் பெண்கள் 800 மீட்டரில் சாந்தி சௌந்திரராஜன் வெள்ளி வென்றார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். அந்த ராத்திரி எங்கள் டெஸ்க்கில் அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினோம். சில நாள் கழித்து பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய பரிசோதனை முடிவு அவருக்கும் டாக்டருக்கும் நடுவே இருந்திருக்க வேண்டியது. டிவியிலும் பேப்பரிலும் ஓடியது. எங்கள் பதிப்பில் அன்றைக்குத் தலைப்பு எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்தத் தலைப்பை இங்கே எழுத மாட்டேன். அதில் இருந்த ஒரு சொல்லை எந்தப் பெண்ணைப் பற்றியும் யாரும் எழுதக்கூடாது. அப்போது அது எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் பொய். சரியான சொல்லைத் தேட நான் நேரம் ஒதுக்கவில்லை. ஒரு இனிஷியலுக்காக மைதானத்தில் பத்து நிமிஷம் நிற்கிறவன், அன்றைக்கு ஒரு நிமிஷம் நிற்கவில்லை. சாந்தி பிறகு பயிற்சியாளராகி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் வேலையில் சேர்ந்த செய்தி வந்தபோது நான் நெல்லையில் இருந்தேன். அது எங்கள் பதிப்புக்கு உரிய செய்தி இல்லைதான். கேட்டு வாங்கிப் போட்டேன். அந்தத் தலைப்பை அது அழிக்காது.

2019லும் அதே தோஹா, அதே 800 மீட்டர். ஆசியத் தடகளத்தில் திருச்சிப் பக்கம் முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்து 2 நிமிடம் 2.70 விநாடியில் தங்கம் வென்றார். ஊரே கொண்டாடியது. பிறகு ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி, பதக்கம் போய், நான்கு வருஷத் தடை விதித்தார்கள். இது வேறு விஷயம், சாந்திக்கு நடந்ததோடு இதைச் சேர்க்கக்கூடாது. சேர்த்து எழுதிய செய்திகளைப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். விதி மீறலை விதி மீறல் என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் தங்கம் வென்றபோது முதல் பக்கத்தில் எழுதியவர்கள், தடை வந்தபோது ஒரு கிராமத்துப் பெண் யாரிடம் என்ன மருந்து வாங்கினாள், அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதவில்லை. அந்தக் கேள்வி நம் மாவட்ட மைதானங்கள் எல்லாவற்றுக்கும் உரியது. சத்து மாவு டப்பா என்று பிள்ளைகள் கையில் வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். லேபிள் வாசிக்கத் தெரிந்த பிள்ளை அதில் ஒன்றுகூட இல்லை.

கோவில்பட்டிக்கு வருகிறேன். தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி மூன்றும் உள்ள ஊர். நான் நிருபரான காலத்தில் சரள் மண் தரையில் ஆடுவார்கள். பந்து எங்கே எகிறும் என்று தரைக்கே தெரியாது. அந்தத் தரையில் பந்தை நிறுத்தக் கற்றவன் எங்கே போனாலும் நிறுத்துவான் என்று அங்கே பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் செயற்கைப் புல் தரைக்குப் போனால் பந்தின் வேகம் வேறு, மட்டையின் கோணம் வேறு, எல்லாம் முதலில் இருந்து படிக்க வேண்டும். நல்ல பையன்கள் அந்த இடத்தில்தான் தேங்கிப் போனார்கள். பின்னால் செயற்கைத் தரை வந்தது, விளையாட்டு ஆணையத்தின் ஹாக்கி சிறப்பு மையம் வந்தது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு வடக்கேயிருந்து பெரிய அணிகள் வந்து ஆடுவதை ஊர்ப் பையன்கள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்து வளர்ந்தார்கள்.

2022ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பையன்கள் இரண்டு பேர். கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரில் பிறந்து கோவில்பட்டி மையத்தில் பயின்ற கார்த்தி செல்வம். இந்தியா வெண்கலம் வென்றது. நான் ஓய்வு பெறும் வருஷம் அது. அணிப் பட்டியல் வந்த அன்றைக்குத்தான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எங்கள் ஊர் ஹாக்கிச் செய்திக்கு டெஸ்க்கிலிருந்து அவர்களே போன் செய்து, "எவ்வளவு பெரிசா வேணும்னாலும் எழுதுங்க" என்றார்கள். அடுத்த ஆண்டு சென்னை எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி. மலேசியாவை 5-0 என வென்ற லீக் ஆட்டத்தின் முதல் கோல் கார்த்தியுடையது. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நான் கையைத் தடவிப் பேனாவைத் தேடினேன். எழுதிக் கொடுக்கப் பேப்பர் இல்லை, பழக்கம் போகவில்லை.

இப்போது கபடிக் களத்தில் நாலு பேர் போன் பிடித்து யூடியூபில் நேரலை விடுகிறார்கள். எங்கள் செய்தி போகாத இறுதிப் போட்டியை, விடியற்காலை நாலு மணிக்கு வெளிநாட்டில் வேலை செய்கிற ஊர்க்காரன் பார்க்கிறான். எங்களால் முடியாததை இந்தப் பையன்கள் செய்துவிட்டார்கள், இதில் எனக்குப் பெருமைதான். பள்ளிப் போட்டி முடிவுகள் வாட்ஸ்அப் குழுவில் தாளோடு படம் எடுத்து வந்துவிடுகின்றன. அந்தப் படத்தைப் பார்த்தே செய்தி போட்டுவிடலாம், மைதானத்துக்குப் போக வேண்டாம். ஓடி முடித்த பிள்ளையிடம் போய்ப் பெயரைக் காட்டிக் கேட்கிற ஆள்தான் இல்லை. கொரோனாவில் குறைந்த மாவட்டப் பக்கங்கள் முழுதாகத் திரும்பவும் இல்லை.

என் நோட்டுகள் 41. போட்டிக்குப் போட்டி கையால் எழுதியவை. வீட்டில் பரணில் இருக்கின்றன.

2023 டிசம்பர் வெள்ளம் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது. வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் இருக்கும், ஏரல் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். என் நம்பரை ஒரு பி.இ.டி. சாரிடம் வாங்கியிருக்கிறார். 1998 குடியரசு தினத் தடகளத்தில் 400 மீட்டர் ஓடினாராம். சான்றிதழும் பேப்பர் கட்டிங்கும் பீரோவோடு தண்ணீரில் போய்விட்டன. வேலைக்கா என்று கேட்டேன். "இல்ல சார், மக இப்ப ஓடப் போறா. நா ஓடுனேன்னா நம்ப மாட்டேங்கா."

ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். ஒன்பதாவது நோட்டு. தாள் பழுப்பாகியிருந்தாலும் பால் பாயிண்ட் எழுத்து நன்றாகத் தெரிந்தது. 400 மீட்டர், 19 வயதுக்குட்பட்ட மாணவர், செஸ்ட் நம்பர் 112, இரண்டாமிடம். வாசித்துச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இனிசல் என்ன போட்டிருக்கு சார்?"

சொன்னேன்.

"அதான் சார். ரெண்டு எழுத்து. தாத்தா பேரும் சேத்து."

போனை மகளிடம் கொடுத்தார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.